கேட்டுக்கு வெளியே

என் மேஜைமேல் ஒரு கேடயம் இருக்கிறது. கண்ணாடியில் செய்த இலை, அதன் அடியில் எங்கள் நிறுவனத்தின் பெயர், பசுமைப் போக்குவரத்துக்கான பாராட்டு என்று ஒரு வரி. விருது கொடுத்த விழாவில் ஆளுக்கொரு துணிப்பையும் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள். துணிப்பை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மரக்கன்று சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. கேடயத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. துப்புரவு செய்யும் அம்மா தினமும் அதைத் துடைத்து என்னைப் பார்த்தபடி வைத்துவிட்டுப் போவார். நான் தினமும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. கார்களுக்கு இருக்கை செய்கிறோம். நுரை ஓரிடத்திலிருந்து வரும், இரும்புச் சட்டம் இன்னோர் இடத்திலிருந்து, துணி வேறெங்கிருந்தோ. இதெல்லாம் வந்து போவதில் எவ்வளவு டீசல் எரிகிறது, எவ்வளவு அட்டைப்பெட்டி குப்பைக்குப் போகிறது என்று பார்த்து, அதைக் குறைப்பது என் வேலை. என் பதவியின் ஆங்கிலப் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். என் அக்கா அதை 'சுற்றுச்சூழல் ஆபீசர்' என்று சுருக்கிவிட்டாள்.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு சாலை போகிறது, அந்தச் சாலையில் உள்ள காலனியில்தான் அவள் வீடு. அவளும் மாமாவும் அங்கே வீடு கட்டியபோது எங்கள் தொழிற்சாலை வரவே இல்லை. பிறகு அது வந்து, அதில் எனக்கு வேலையும் கிடைத்தபோது, ஏதோ தான்தான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கைதூக்கிவிட்ட மாதிரி அக்கா பூரித்துப் போனாள். கீரை விற்கும் அம்மாவிடம், பேங்க் வரிசையில் முன்னால் நிற்பவரிடம், மாத்திரைக் கடைக்காரரிடம் எல்லாம் "என் தங்கச்சி அந்தக் கம்பெனியிலதான் சுற்றுச்சூழல் ஆபீசர்" என்று சொல்லிவிடுவாள். அதன் பலனை நான் அனுபவித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால், காலனிக்காரர் யாராவது வந்து கொசு மருந்து எப்போது அடிப்பார்கள் என்று என்னைக் கேட்பார். சாக்கடை அடைப்பு, தெருநாய், பக்கத்து மனையில் வளர்ந்த கருவேலம், எல்லாம் என் இலாகாவில் வந்து சேர்ந்தன. இது என் வேலை இல்லை என்று சொன்னால் அக்காவின் முகம் வாடும். அதனால் "பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர், கிண்டல் பேர்வழி. பல சப்ளையர்களிடமிருந்து தனித்தனி வண்டிகள் வருவதற்குப் பதிலாக, ஒரே வண்டி காலையில் கிளம்பி எல்லோரிடமும் போய்ச் சரக்கை வாங்கிக்கொண்டு வரும் ஏற்பாட்டை நான் கொண்டுவந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு 'மில்க் ரன்' என்று பெயர். அதை மாமாவிடம் பெருமையாகச் சொல்லப் போக, அதன்பின் நான் எப்போது போனாலும் "பால்காரம்மா வந்தாச்சு, பாத்திரத்தை எடுத்தா" என்று உள்ளே குரல் கொடுப்பார். சிரிப்பு முடியும் இடத்தில் அவருக்கு இருமல் தொடங்கும். மாமாவுக்கு நெடுநாளாக வீசிங் உண்டு. சட்டைப் பையில் எப்போதும் மருந்தை உறிஞ்சும் பஃப் ஒன்று இருக்கும்.

மில்க் ரன் நல்ல ஏற்பாடு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பெட்டிகள் கொண்டுவந்தேன், அதுவும் நல்ல ஏற்பாடு. இந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் வளாகத்துக்குள் லாரிகள் காத்துக்கிடப்பது பெரிய தலைவலியாக இருந்தது. சரக்கு இறக்கும் மேடைகள் சிலவே. முன்னால் நிற்பவன் இறக்கி முடிக்கும்வரை பின்னால் வந்தவனெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பான். எங்களிடம் இருக்கை வாங்கும் வெளிநாட்டுக் கார்க் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து எங்கள் பிளான்ட் மேனேஜருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். "மேடம், கேட்டுக்கு உள்ள புகையே இருக்கக் கூடாது. என்ன பண்ணுவீங்களோ தெரியாது" என்றார்.

நான் செய்தேன். இறக்கும் மேடை காலியான பிறகுதான் லாரியை உள்ளே விட வேண்டும். உள்ளே வந்தவுடன் எஞ்சினை அணைக்க வேண்டும். முன்வாசலில் புல்தரையும் நீரூற்றும் இருந்தன. வருகிறவர்கள் கண்ணில் லாரி படாமல் இருக்க, சரக்கு வாசலைப் பின்பக்கச் சாலைக்கு மாற்றினோம். படம் வரைந்து காட்டினேன். அந்தப் படத்தில் எங்கள் வளாகம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக, எது எங்கே என்று அழகாக இருந்தது. பின்வாசலுக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளில்தான் என் அக்காவின் வீடு இருந்தது. எனக்கு அது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட வீடு. ஆனால் படத்தைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டோடு என் கண் நின்றுவிட்டது.

தணிக்கைக்கு வந்தவர் கேட்ட ஒரே கேள்வி, உங்கள் கணக்கின் எல்லை எதுவரை என்பதுதான். "கேட் வரை" என்றேன். எழுதிக்கொண்டார். வளாகத்துக்குள் எரியும் டீசல் மளமளவென்று குறைந்தது. கேடயம் வந்தது.

அக்கா வீட்டுக்கு நான் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சரக்கு வருவதில்லை. சாலை காலியாக இருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதனால் பின்பக்கச் சாலை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், அமைதியான சாலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கோடை வந்தது. அக்கா வருஷா வருஷம் கூழ் வடகம் போடுவாள். அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, மாமாவின் பழைய வேட்டியை மாடியில் விரித்து, கரண்டியால் ஊற்றிக் காயவைப்பாள். எனக்கு ஒரு டப்பா நிச்சயம். அந்த ஞாயிறு நான் போனபோது அவள் முற்றத்து வெளிச்சத்தில் முறத்தை வைத்துக்கொண்டு, வடகத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வடகத்தில் எள் தூவியதைப் போலக் கறுப்புப் புள்ளிகள்.

"எள்ளு போட்டியா?" என்றேன்.

"எள்ளா? கரிடி. மாடியில எதை வெச்சாலும் இப்படித்தான். கொடியில போட்ட துணியெல்லாம் கறுத்துப் போகுது. மாமாவுக்கு ராத்திரி பூரா இருமல்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சாதித்தவளின் முகத்தோடு சொன்னாள். "அந்த இஸ்திரி வண்டியாலதான். இப்ப அவரைக் காலி பண்ண வெச்சாச்சு."

தெருமுனையில் புங்கை மரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். கரி போட்டுச் சூடேற்றும் பெட்டி. காலனி தொடங்கிய காலத்திலிருந்தே அவர் அங்கே இருந்தார் என்று நினைக்கிறேன். என் புடவைகளையே அக்கா வீட்டில் விட்டு அவரிடம் தேய்த்து வாங்கியிருக்கிறேன்.

"அவர்தானா காரணம்?" என்று கேட்டேன்.

"பின்ன? சில பேர் அந்த லாரிங்கதான்னு சொன்னாங்க. பின்னாடி கேட்டாண்ட வந்து நிக்குதே, உங்க கம்பெனி லாரி. நான் விடலையே. அது பசுமைக் கம்பெனி, அவார்டு வாங்கின கம்பெனி, என் தங்கச்சியே அதைப் பார்த்துக்கறா, அங்கேருந்து புகை வராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கரின்னா வேற எங்கேருந்து வரும்? கரிப் பெட்டியிலேருந்துதான். நானே போய் அவர்கிட்டப் பேசினேன். 'என் தங்கச்சி சுற்றுச்சூழல் ஆபீசர், கரிப் புகை உடம்புக்கு ஆகாதுன்னு அவளே சொல்லியிருக்கா'ன்னேன். பாவம். மறுநாள் வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டார்."

நான் அப்படி எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன். நான்தான் எதைப் பற்றியும் சொல்வேனே. லாரிகள் பின்வாசலில் நிற்கின்றன என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, விழுந்த வேகத்தில் நழுவியும் போனது. கொஞ்ச நேரம் நிற்கும், போகும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாளில், மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆட்டோவில் வேண்டாம், கார் கொண்டுவர முடியுமா என்று அக்கா போன் செய்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து காரில் போனேன். பின்பக்கச் சாலைக்குள் திரும்பியதும் நின்றுவிட்டேன். எங்கள் சரக்கு வாசலிலிருந்து தொடங்கி, காலனி நெடுக, அக்கா வீட்டைத் தாண்டியும் லாரிகள். எல்லாவற்றின் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை அவ்வப்போது ஒரு வண்டி நீளம் நகரும், அப்போது மொத்தமாக ஒரு கறுப்பு மேகம் எழும், பிறகு நிற்கும். அக்கா வீட்டுக் கேட் சாத்தியிருந்தது. அதன் எதிரிலேயே ஒரு லாரி, அதன் புகைக்குழாய் சரியாக வாசல்படியைப் பார்த்தபடி.

இறங்கிப் போய் டிரைவரிடம், எஞ்சினை அணைக்கச் சொன்னேன். நடுவயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஆஃப் பண்ணா ஏசி நின்னுடும் மேடம். வெயில் இன்னா கீது பாருங்க. எறங்கி நிக்கறதுக்கு ஒரு நெழலு கெடையாது. அதுவும் இல்லாம, ஆஃப் பண்ணா இந்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆவறது பேஜாரு."

"உள்ளே போய் நிற்கலாமே?"

"உள்ள வுட மாட்டாங்க மேடம். உள்ள புகை வரக்கூடாதாம். அங்க யாரோ ஒரு மேடம் ரூலு போட்டுகிறாங்களாம். நம்ம இன்னா பண்றது, காலைலேந்து இங்கியே நின்னுகினு கீறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மேடம் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக் கேட்டைத் திறந்தேன். "கேட்டைச் சாத்திட்டு வாடி, புகை வருது" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

மாமாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். பால்காரம்மா என்று கூப்பிடவில்லை அவர். சேலையூர் கேம்ப் ரோட்டில் உள்ள கிளினிக்கில் முகமூடி மாட்டி மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். புகையில்லாத இடமாகப் பார்த்து இருக்கச் சொன்னார் டாக்டர். இன்னும் இப்படியே போனால் நுரையீரல் தாங்காது, ஆக்சிஜன் வைக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அக்கா, "இஸ்திரிக்காரர் போயும் கரி நிக்கலையேடி" என்றாள்.

"அக்கா, அது எங்க லாரிங்க. கரி, புகை எல்லாம் எங்களுது. உள்ள வராதேன்னு சொன்னது நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவளோ, "கேட்டுக்கு வெளியதானே நிக்குது? ரோட்டுல நிக்கிற வண்டிக்கு நீ என்ன பண்ணுவே? உன் வேலை உள்ளதானே" என்றாள். தணிக்கைக்காரரிடம் நான் சொன்ன அதே பதில். அதை எனக்காக என் அக்கா சொன்னாள், புருஷன் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது. எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேல் அலங்கரித்துச் சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் பிளான்ட் மேனேஜரிடம் போனேன். முன்வாசல் புல்தரையை எடுத்துவிட்டு லாரிகள் காத்திருக்க இடம் ஒதுக்கலாம், டிரைவர்களுக்கு மின்விசிறி போட்ட ஒரு கூடம் கட்டினால் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கே உட்காருவார்கள் என்றேன்.

"நல்ல ஐடியாதான் மேடம். ஆனா உள்ளே வந்தா அந்தப் புகையும் நம்ம கணக்குல வந்துடுமே. கஸ்டமர் திரும்ப வரப்போறாங்க. அது முடியட்டும், பார்ப்போம்" என்றார்.

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கொசு மருந்து கேட்டவர்களுக்கு நானே சொன்ன வார்த்தை அது. சண்டை போட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்று எழுந்து வந்தேன். அன்று கேடயத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். மறுநாள் அது மேலே வந்திருந்தது.

மாமாவை என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு ஏரிப் பக்கம், காற்று நன்றாக இருக்கும். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்க வேணா வந்துடலாம். பக்கத்து வீட்டுக்காரங்க எங்க போவாங்க?" என்றாள். கிளினிக்கிலிருந்து திரும்பிய பிறகு அவள் காலனியில் வீடு வீடாகப் போய், லாரி விஷயத்தில் தான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறாள். காலனிக்காரர்கள் எங்கள் கம்பெனிக்கு நேரில் வருவது என்று அப்போதுதான் முடிவானது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

ஒருநாள் முற்பகல் செக்யூரிட்டியிலிருந்து போன். பின்பக்கக் காலனியிலிருந்து கொஞ்சம் பேர் வந்திருக்கிறார்கள், புகையைப் பற்றிப் பேச வேண்டுமாம் என்றார்கள். பிளான்ட் மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு கான்ஃபரன்ஸ் அறைக்குப் போனார். கதவைத் திறந்தால், நான்கைந்து பெரியவர்களுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் புடவை. மடியில் துணியால் மூடிய ஓர் எவர்சில்வர் தட்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றாள்.

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. என்னை முதல் தடவையாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். கூட வந்தவர்கள் எல்லோருக்கும் நான் யார் என்று தெரியும், கொசு மருந்து கேட்டவர்தான் முதல் நாற்காலியில் இருந்தார். அவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வரும் வழியிலேயே அப்படிப் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒரு காலனியே சேர்ந்து என்னைத் தெரியாததாக நடித்தது.

அக்கா துணியை விலக்கித் தட்டை மேஜைமேல் வைத்தாள். கறுப்புப் புள்ளி விழுந்த வடகம். "மேடம், இது எங்க வீட்டு மாடியில காய வெச்சது. இதையே இப்படி ஆக்குற புகை உள்ள போனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியலை" என்றாள். வகுப்பில் பேசும் குரல். நடுங்கவில்லை.

பிளான்ட் மேனேஜர் தட்டை ஒரு பார்வை பார்த்தார். "எங்க கேம்பஸ்ல புகையே கிடையாதும்மா. அதுக்காக விருதே வாங்கியிருக்கோம். மேடம்தான் இன்சார்ஜ். மேடம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தட்டைப் பார்த்தாள்.

"புகை எங்க லாரிகளோடதுதான்" என்றேன். "உள்ள நின்னதை வெளிய தள்ளியிருக்கோம். குறைக்கலை. கணக்குலதான் குறைஞ்சிருக்கு." பிளான்ட் மேனேஜர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க சொல்றது சரி, மேடம்."

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று யாராவது என்னைப் பாராட்டக்கூடும். அதற்கு நான் தகுதியானவள் இல்லை. இவள் என் அக்கா, மூச்சு விட முடியாமல் இருப்பவர் என் மாமா என்று சொல்லத்தான் அந்த அறையில் எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மேடம் என்றாள் என்பதற்காக நானும் மேடம் என்றேன். பிறந்ததிலிருந்து அக்கா என்று மட்டுமே கூப்பிட்ட வாயால்.

அன்று மாலை பிளான்ட் மேனேஜர் என்னை நன்றாகத் திட்டினார். ஆனாலும் வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வந்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்ற பயமும் இருந்தது. புல்தரையில் பாதியை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள். டிரைவர்களுக்கு ஒரு தகரக் கூரைக் கூடம், மின்விசிறி, தண்ணீர். இப்போது லாரிகள் உள்ளே வந்து எஞ்சினை அணைக்கின்றன. சரக்கு அதிகமாக வரும் நாளில் வரிசையின் வால் இன்னும் வெளியே நீளத்தான் செய்கிறது. கணக்கின் எல்லையைக் கேட்டுக்கு வெளியேயும் கொண்டுபோனேன், எண்கள் ஏறின. அடுத்த கேடயம் வரவில்லை.

இஸ்திரிக்காரரைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். விசாரித்ததில் சேலையூரில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வண்டி போட்டிருப்பதாகத் தெரிந்தது. இருவரும் போனோம். அக்கா நேராகப் போய், "தப்பா சொல்லிட்டேங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. திரும்ப அங்கேயே வந்துடுங்க" என்றாள். அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "பரவால்லைம்மா. இங்க நல்லாத்தான் கீது. நெறைய வூடு கீது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்கதானா அந்த ஆபீசரு? நீங்க சொன்னது கரெக்ட்தான் மேடம், கரிப் புகை ஒடம்புக்கு ஆவாது. நான் இப்ப கேஸ் பெட்டிக்கு மாறிட்டேன், பாருங்க." குத்திப் பேசுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை, நிஜமாகவே எனக்குக் காட்டினார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

சென்ற ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் பஃப் சட்டைப் பையிலிருந்து தலையணைக்குப் பக்கத்தில் இடம் மாறிவிட்டது. கேலிக்குப் போதுமான மூச்சு இல்லாததால், பால் கறப்பதைப் போலக் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். சமையலறையில் அக்கா வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தொண்டையில் நின்றதை அங்கேதான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் என்னைத் தெரியாத மாதிரி இருந்தே? என் வேலைக்கு ஆபத்து வரும்னா?"

"வேலையா? சீ, அதெல்லாம் நான் யோசிக்கவே இல்லை" என்றாள் அக்கா, எண்ணெயைப் பார்த்தபடி. "உனக்கு அசிங்கமா இருக்குமேன்னுதான். நீ அவ்வளவு பெரிய ஆபீசர். நான் கரி பிடிச்ச வடகத்தைத் தட்டுல தூக்கிட்டு வந்து நிக்கறேன். இவ அக்காவான்னு உன் ஆபீஸ்ல கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். தட்டில் வடகம் எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம், அவர்கள் இருவருக்கும் என்று ஒதுக்கி வைத்த கிண்ணத்தில் இருந்ததிலெல்லாம் கறுப்புப் புள்ளி.

"சாப்பிடு. உனக்குன்னு நல்லதா பொறுக்கி வெச்சேன்" என்றாள்.